மோதலைத் தடுக்கும் கம்பியில்லாக் கருவிகள்: காணும் பொறுப்பு யாருடையது?

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டிற்கு அருகே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி, தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே ஓர் இயற்கை வாயிலை அமைத்துள்ளது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதையும், முன்னாளில் 47 என்றும் இப்போது 544 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலையும் இவ்வாயிலின் வழியாகவே செல்கின்றன. வாளையாற்றைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு இவ்விரு பாதைகளையும் ஒருங்கே பெற்ற ஊர். அதன் ஒரு புறத்தில் யானைகள் உலவும் மலையடிவாரக் காடு. மறு புறத்தில் கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. மலையாளமும் தமிழும் ஒருங்கே பேசப்படும் இவ்வூரில், காட்டிலிருந்து இறங்கும் யானை ரயில் பாதையைக் கடக்கிறது. ஆலைக்குச் செல்லும் தொழிலாளி நெடுஞ்சாலையைக் கடக்கிறான்.

இருவருக்கும் நேரும் அபாயம் ஒரே தன்மையது. கடப்பவரின் வேகம் குறைவு. வருவதன் வேகமோ மிகுதி. வருவதை ஓட்டுபவர் காண்பதற்குள் நிறுத்துவதற்கான தூரம் கடந்துவிடுகிறது. இவ்வபாயத்தைத் தவிர்க்க உணர்கருவிகளும் கம்பியில்லாச் செய்தித் தொடர்பும் பெரிதும் உதவக்கூடும் என்பதில் இன்று ஐயமில்லை. ஆயினும் அக்கருவிகளை எங்கே வைப்பது, யார் சுமப்பது என்ற கேள்வி இன்னும் தெளிவாக எழுப்பப்படவில்லை. கஞ்சிக்கோட்டை அடுத்த ரயில் பாதையில் யானைகளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இக்கேள்விக்குச் சரியான விடையைக் காட்டுகிறது. அவ்விடையை நெடுஞ்சாலையில் நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் பொருத்துவதே முறையாகும்.

ரயில் பாதையில் நிகழ்ந்தது

வாளையாற்றுக்கும் மதுக்கரைக்கும் இடையே ரயில் பாதை ஏ என்றும் பி என்றும் இரு தடங்களாகப் பிரிந்து செல்கிறது. இவற்றுள் பி தடம் காட்டின் ஊடே செல்வது. யானைகள் நெடுங்காலமாக வழங்கிவந்த தடங்களை இது குறுக்கிடுவதால் விபத்துகள் பலமுறை நேர்ந்தன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, நவக்கரைக்கு அருகே மங்களூரிலிருந்து சென்னைக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் ஒருங்கே மாண்டன. ரயிலின் வேகத்தைக் குறைக்கும் விதிகளும் காவலர்களின் இரவு ரோந்தும் ஏற்கெனவே இருந்தன. அவை போதவில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இதன் பின்னர், தமிழ்நாட்டு வனத்துறை சுமார் 7 கோடியே 24 லட்ச ரூபாய்ச் செலவில் மதுக்கரைப் பகுதியில் ஒரு கண்காணிப்பு முறையை நிறுவி, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயக்கத்திற்குக் கொணர்ந்தது. பாதையை ஒட்டிப் பன்னிரண்டு கோபுரங்கள் எழுப்பப்பட்டன. அவற்றில் சாதாரணக் கேமராக்களோடு வெப்பக் கேமராக்களும் பொருத்தப்பட்டன. உயிருள்ள உடல் எதுவும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. அக்கதிர்களைப் பதிவு செய்வதால், வெப்பக் கேமரா காரிருளிலும் யானையின் வடிவத்தைப் பிரித்துக் காட்டும். அவ்வடிவத்தைக் கணினி இனங்கண்டவுடன் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து வனப்பணியாளருக்கும் ரயில்வே அலுவலருக்கும் ரயிலோட்டிக்கும் கம்பியில்லாத் தொடர்பின் வாயிலாக எச்சரிக்கை செல்கிறது. இதனுடன், யானைகள் தண்டவாளத்தின் கீழாகக் கடந்து செல்ல வழிகளும் அமைக்கப்பட்டன.

மற்றொரு முறையும் ரயில்வே துறையால் கையாளப்படுகிறது. தண்டவாளத்தை ஒட்டிப் புதைக்கப்பட்ட கண்ணாடி இழையினுள் லேசர் ஒளித் துடிப்புகள் ஓயாது செலுத்தப்படுகின்றன. இழையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளியின் மிகச் சிறு பகுதி சிதறித் திரும்பி வருகிறது. நிலத்தின் மேல் யானை அடியெடுத்து வைக்கும்போது எழும் அதிர்வு அவ்விடத்து இழையை நுட்பமாக நீட்டிச் சுருக்குவதால், திரும்பும் ஒளி மாறுபடுகிறது. ஒளி இழையினுள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே திரும்பிவர ஒரு நுண்நொடி, அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஆயிற்றென்றால் அதிர்வு 100 மீட்டர் தொலைவில் நிகழ்ந்தது என்று கணக்கிட்டுவிடலாம். வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் இம்முறை முதலில் சோதிக்கப்பட்டது. ‘கஜராஜ்’ என்ற பெயரால் அதனை விரிவாக்கும் திட்டம் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பாலக்காட்டு ரயில்வே கோட்டத்தின் கோட்டேக்காடு - மதுக்கரைப் பகுதியும் இம்முறைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவ்விரு முறைகளிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. யானை எந்தக் கருவியையும் சுமக்கவில்லை. எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. காணும் கடமை முழுவதும் பாதையின் மேலும், அதனை நடத்துபவர் மேலும் சுமத்தப்பட்டுள்ளது. யானையின் கழுத்தில் கம்பியில்லாப் பட்டை கட்டி ஆராய்ச்சி செய்யும் வழக்கம் உலகில் இல்லாமலில்லை. ஆனால் பட்டை கட்டாத யானையை ரயில் மோதினால் குற்றம் யானையினுடையது என்று எவரும் வாதிடமாட்டார்.

சாலையில் உள்ள நிலை

நெடுஞ்சாலையிலோ நிலைமை வேறு. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர் என்று ஆகிறது. சைக்கிளில் சென்று மாண்டவர்களையும் சேர்த்தால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். எவ்வித உலோகக் கவசமும் இன்றிச் சாலையைப் பயன்படுத்தும் இவர்கள் யாருக்கும் அபாயம் விளைவிப்பவர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்விபத்துகளின் அடிப்படை எளிய கணக்கில் அடங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. எதிரே ஒருவரைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். பின்னர் வண்டி முற்றும் நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக 53 மீட்டர். அதே லாரி 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 20 மீட்டருக்குள் நின்றுவிடும். மறு பக்கத்தில், இரு தடங்கள் கொண்ட ஏழு மீட்டர் அகலச் சாலையைச் சாதாரண நடையில் கடக்க ஆறு நொடியாகும். அந்த ஆறு நொடியில் 60 கிலோமீட்டர் வேகத்து வண்டி 100 மீட்டர் வந்துவிடும். கடப்பவர் காலெடுத்து வைத்தபோது வெகு தொலைவிலிருந்த வண்டி, நடுச்சாலைக்கு வருவதற்குள் அருகில் வந்துவிடுவது இதனாலேயே.

ஓட்டுநருக்கு இரண்டே நொடி முன்னதாக எச்சரிக்கை கிட்டினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டர் இலாபமாகும். பெரும்பாலும் ஓர் உயிரின் விலை அந்த 33 மீட்டர்தான். இவ்விரண்டு நொடியைத் தேடித் தருவதே மோதல் தடுப்புக் கருவிகளின் பணி.

எதிரொலிக்கும் அலைகள்

கம்பியில்லா அலைகளைக் கொண்டு மோதலைத் தவிர்க்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. ரேடார் என்ற சொல் பிறப்பதற்கு வெகு முன்னரே, 1904-ஆம் ஆண்டில், கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க அலைகளை அனுப்பி எதிரொலியைப் பெறும் கருவி ஒன்றைச் செய்து காட்டி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அக்காலத்தில் அதனை வாங்குவார் இல்லை. பின்னர் போர்க் காலத்தில் பகை விமானங்களைக் கண்டறிய ரேடார் வளர்ந்தது. இன்று மோட்டார் வண்டிகளின் முகப்பில் அமர்ந்திருப்பதன் வாயிலாக, மோதலைத் தவிர்த்தல் என்னும் தன் முதல் நோக்கத்திற்கே அது திரும்பியுள்ளது எனலாம்.

மோட்டார் வண்டிகளின் ரேடார் பெரும்பாலும் 77 கிகா ஹெர்ட்ஸ் அளவில் இயங்குவது. அதன் அலை நீளம் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50 மீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து எதிரொலி மூன்றில் ஒரு நுண்நொடியில் திரும்பிவிடுகிறது. பொருள் நகருமானால் எதிரொலியின் அதிர்வெண் மாறும். ரயில் வண்டியின் ஊதல் நெருங்கும்போது சுருதி உயர்ந்தும் விலகும்போது சுருதி தாழ்ந்தும் ஒலிப்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவே இது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி நடந்து வருபவர் எதிரொலியில் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்குகிறார். அவர் வீசி நடக்கும் கைகளும் கால்களும் உடலைவிட விரைந்தும் பின்தங்கியும் செல்வதால் அம்மாற்றம் ஒரு தாளத்துடன் விரிந்து சுருங்குகிறது. சைக்கிளின் சுழலும் சக்கரமும் மிதிக்கும் கால்களும் வேறொரு தாளத்தைத் தருகின்றன. இத்தாளங்களைக் கொண்டு மனிதனையும் சைக்கிளையும் கம்பத்தையும் பிரித்தறிய முடியும் என்பது ஆராய்ச்சிகளால் விளங்கியுள்ளது. இருளும் புகையும் எதிரொளிக்கும் விளக்கின் கூச்சமும் ரேடாரைப் பாதிப்பதில்லை.

எனினும் வண்டியில் பொருத்திய ரேடாருக்கு இயற்கையான குறைகள் இரண்டு உள்ளன. முதலாவது, மனித உடல் எதிரொலிக்கும் திறன் லாரியின் உலோகச் சுவரைக் காட்டிலும் மிகக் குறைவு. நின்றுகொண்டிருக்கும் லாரியின் அருகே நடப்பவரின் மெல்லிய எதிரொலி அதன் பேரொலியில் மறைந்துவிடக்கூடும். இரண்டாவது, சாலையைக் குறுக்காகக் கடப்பவர் வண்டியை நோக்கியும் வருவதில்லை, விலகியும் போவதில்லை. ஆகவே டாப்ளர் விளைவைப் பொறுத்தவரை அவரது உடல் சாலையோரக் கம்பத்தைப் போலவே தோன்றுகிறது. பக்கவாட்டு நகர்ச்சியை வேறு வழிகளால் கணக்கிட வேண்டியுள்ளது. இதே கடப்பவரைச் சாலையின் ஓரத்தில், கடக்கும் திசையை நோக்கி நிறுத்திய ரேடார் பார்க்குமாயின், அவர் நேராக அதனை நோக்கி வருகிறார் அல்லது விலகுகிறார். டாப்ளர் மாற்றம் முழு அளவில் கிட்டுகிறது. கருவியை இடம் மாற்றி வைப்பதாலேயே மறைந்திருந்தவர் தெளிவாகத் தெரிகிறார். இவ்வுண்மை பின்னர்க் கூறப்படும் முடிவுக்கு முக்கியமானது.

பேசிக்கொள்ளும் கருவிகள்

எதிரொலியை நம்பாத மற்றொரு வழியும் உண்டு. வண்டியும் நடப்பவரும் ஆளுக்கொரு கருவியை வைத்துக்கொண்டு, தத்தம் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பலமுறை ஒன்றுக்கொன்று ஒலிபரப்புவது அது. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டிலேயே 5.9 கிகா ஹெர்ட்ஸ் அளவில் 75 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை இத்தகைய பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம், நடப்பவரின் கைப்பேசியும் காரும் நேரடியாகச் செய்தி பரிமாறி இருவரையும் எச்சரிக்கும் முறையைச் செய்து காட்டிற்று. நிறுத்தப்பட்ட வண்டியின் பின்னாலிருந்து வெளிப்படுபவரைக் கேமராவும் ரேடாரும் காணா. இம்முறையோ அவரையும் அறியும். அதன் சிறப்பு இதுவே. இதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் இருபது ஆண்டுகள் சென்ற பின்னும் ஒதுக்கிய அலைவரிசை பெரும்பாலும் பயன்படுத்தப்படவில்லை. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அதில் 45 மெகா ஹெர்ட்ஸை வேறு பணிகளுக்குத் திருப்பிவிட்டது. எல்லோரும் கருவி வைத்திருந்தாலன்றி ஒருவர் வைத்திருப்பதால் பயனில்லை. பயனில்லாததை முதலில் வாங்குவார் யாருமில்லை. இத்தகைய முறைகளின் பிறவிக் குறை இது.

நடப்பவர் சுமக்கும் கருவியை ஆதரிப்போர் சுரங்கத் தொழிலை எடுத்துக்காட்டுவர். அமெரிக்காவில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களின் வெட்டு யந்திரங்களில் அண்மையுணர் கருவி இருக்கவேண்டும் என 2015-ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டது. தொழிலாளியின் இடுப்பில் சிறு கருவி இருக்கும். அவர் யந்திரத்தை அணுகினால் அது தானே நிற்கும். இம்முறை உயிர்களைக் காக்கிறது. ஆனால் சுரங்கத்திற்கு ஒரு வாயில் உண்டு. உள்ளே செல்வோர் ஒவ்வொருவருக்கும் கருவியை நிர்வாகமே தருகிறது. மின்கலத்திற்குச் சக்தி ஏற்றுவதும் நிர்வாகத்தின் பொறுப்பே. கஞ்சிக்கோட்டின் ஆலை வளாகங்களுக்குள்ளும் பாரந்தூக்கி வண்டிகளுக்கு இம்முறை பொருந்தும். பொதுச் சாலைக்கு அத்தகைய வாயில் ஏது? அதில் பள்ளிச் சிறுவர் செல்கின்றனர், முதியோர் செல்கின்றனர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர் செல்கின்றனர், பால் குடங்களைத் தொங்கவிட்ட சைக்கிள்கள் செல்கின்றன. கைப்பேசி இல்லாதவரும், இருந்தும் அதில் மின்சக்தி தீர்ந்தவரும் அவர்களுள் இருப்பர். கைப்பேசி அறியும் இடக்குறிப்போ சில மீட்டர் பிழையுடையது. சாலையோரத்தில் நிற்பவரையும் சாலைக்குள் நிற்பவரையும் பிரிப்பதற்கு அப்பிழையே போதுமான தடை.

இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. கருவி வைத்திருப்போரை மட்டும் வண்டி அறியும் என்ற நிலை ஏற்படின், ஓட்டுநர் கருவியின் மௌனத்தை வெறுஞ்சாலை என்று பொருள் கொள்வார். கருவி இல்லாதவருக்கு முன்னைவிட அபாயம் மிகும். விபத்து நேர்ந்த பின், ‘இறந்தவர் ஏன் கருவி அணியவில்லை?’ என்ற கேள்வியும் எழும். வலியவர் தரவேண்டிய காவலை எளியவர் விலை கொடுத்து வாங்கும்படி ஆகிவிடும். இது விஞ்ஞானத்தின் பயன் ஆகாது.

கண்டும் அறியாத கருவி

காணும் கடமையைக் கருவியிடம் ஒப்படைத்தால் மட்டும் போதாது; எவரைக் காணவேண்டும் என்பதையும் அதற்குக் கற்பித்திருக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் இரவு அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தானியங்கிக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணியின் மேல் மோதியதில் அவர் உயிரிழந்தார். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, காரின் உணர்கருவிகள் மோதலுக்கு 5.6 நொடி முன்னரே அவரைக் கண்டுவிட்டன என்பது வெளியாயிற்று. கணினி அவரை முதலில் வாகனம் என்றது. பின்னர் வேறு பொருள் என்றது. பின்னர் சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் அதுவரை வந்த வழியை மறந்து புதிதாகக் கணக்கிட்டது. கடப்பதற்கெனக் குறிக்கப்படாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பர் என்பதற்கு அதன் அமைப்பில் இடமே இல்லை. கார் உற்பத்தியாளர் பொருத்தியிருந்த தானியங்கிப் பிரேக்கும் சோதனையின் பொருட்டு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. காரிலிருந்த கண்காணிப்பாளரும் சாலையைக் கவனிக்கவில்லை.

இவ்வனுபவத்தை இந்தியச் சாலைக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். குறிக்கப்பட்ட இடத்தில் மட்டும் கடக்கும் வழக்கம் இங்கே இல்லை. பல மைல் தூரத்திற்குக் குறிக்கப்பட்ட இடமே இல்லாத சாலைகளும் உள. தலையில் விறகுக் கட்டுடன் நடப்பவர், சைக்கிளில் ஆளுயரத்திற்குத் தேங்காய்க் குலைகளைக் கட்டிச் செல்பவர், தள்ளுவண்டிக்காரர், குடையும் குழந்தையுமாகச் செல்லும் தாய்: இவ்வுருவங்கள் அயல்நாட்டு நகரங்களில் எடுத்த படங்களைக் கொண்டு பயிற்றிய கணினிக்குப் பழக்கமானவை அல்ல. அமெரிக்க மோட்டார் வாகனக் கழகம் 2019-ஆம் ஆண்டில் நடத்திய சோதனைகளில், நடப்போரைக் கண்டு நிறுத்தும் அமைப்புகள் இருளில் பயனற்றுப்போயின என்று காணப்பட்டது. அதன்பின் அவை திருந்தி வந்துள்ளன. ஆயினும் வெளிநாட்டில் தேர்வு பெற்ற கருவி இங்கும் தேர்வு பெற்றதாகக் கொள்ளலாகாது.

சட்டங்கள் இத்திசையில் நடைபோடத் தொடங்கியுள்ளன. ஐக்கிய நாடுகளின் 152-ஆம் எண் மோட்டார் விதி காரின் தானியங்கிப் பிரேக்குக்குரிய தரத்தை வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்போரையும் சைக்கிளோட்டிகளையும் அறியும் தானியங்கிப் பிரேக் 2024 ஜூலை முதல் புதிய ரகக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. கனரக வண்டிகளின் மறைபுறத்தில் உள்ளோரை அறியும் கருவிகளும் அங்கே கட்டாயம். அமெரிக்கா 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதி, கார் உற்பத்தியாளர்க்கு 2029 செப்டம்பர் வரை காலம் அளித்தது. இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சகம் லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளில் தானியங்கிப் பிரேக்கும் மறைபுறம் அறியும் கருவியும் இருத்தல் வேண்டும் என்னும் வரைவு விதிகளை வெளியிட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும் புதிய வண்டிக்கு விதிக்கும் விதி பழைய வண்டியைத் தொடாது. லாரிகள் பல ஆண்டுகள் ஓடுபவை; எல்லா லாரிகளிலும் கருவி அமையும் நாள் தொலைவிலுள்ளது. அதுவரை நடப்பவர் காத்திருக்க இயலாது.

பாதையே காண்பதாக

ஆகவே வண்டியின் கருவியோடு, சாலையும் காணும் திறன் பெறவேண்டும். யானைக்காகப் பாதையோரத்தில் கோபுரம் நிறுத்திய அதே முறையை நெடுஞ்சாலையில் மக்கள் மிகுதியாகக் கடக்கும் இடங்களில் கையாளலாம். ஆலைகளின் வாயில்கள், பஸ் நிற்கும் இடங்கள், பள்ளிகள், கிளைச் சாலைகள் சேரும் முகங்கள் ஆகியவற்றில் ஒரு கம்பத்தில் ரேடாரும் வெப்பக் கேமராவும் அமைந்தால், கடக்கத் தொடங்குபவரை அவை பக்கவாட்டிலிருந்து தெளிவாகக் காணும். உடனே இரு புறமும் 150 அல்லது 200 மீட்டர் முன்னதாக நிறுத்திய விளக்குகளைக் கம்பியில்லாச் சமிக்ஞையால் எரியச் செய்யலாம். பழைய லாரியின் ஓட்டுநரும் விளக்கைக் காண்பார். கருவி பெற்ற புதிய வண்டிக்கு அதே செய்தியை அலைவழியாகவும் அனுப்பலாம். நிறுத்திய பஸ்ஸின் பின்னாலிருந்து வருபவரையும் இம்முறை அறியும். கடப்பவர் எதையும் சுமக்கவேண்டியதில்லை. வெப்பக் கேமரா முகத்தின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டாதாகையால், மக்களைத் தனித்தனியே கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்திற்கும் இடம் குறைவு.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் கருதவேண்டும். செலவு மிகும் என்பது ஒன்று. மதுக்கரையில் யானைகளைக் காக்க ஏழு கோடிக்கு மேல் செலவிட்டது வீண் என்று இன்று எவரும் கூறார். அது செயற்பட்ட பின் ஆயிரக்கணக்கான முறை யானைகள் இடரின்றிப் பாதையைக் கடந்தன என வனத்துறையினர் தெரிவித்துள்ளனர். நெடுஞ்சாலை முழுவதும் கம்பம் நடவேண்டியதும் இல்லை. விபத்துப் பதிவேடுகள் காட்டும் இடங்களே போதும். பொய் எச்சரிக்கைகள் மலிந்தால் ஓட்டுநர் அலட்சியம் செய்வர் என்பது மற்றொன்று. இது மெய்யான இடர்ப்பாடே. நாயும் மாடும் காற்றில் அசையும் புதரும் விளக்கை எரியச் செய்தால், சில நாட்களில் விளக்குக்கு மதிப்பிராது. ஆதலின் பரந்த அளவில் நிறுவுமுன் உள்ளூரிலேயே சோதனை வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதத்தில் வீசும் பலத்த காற்றும் தென்மேற்குப் பருவமழையின் சாரலும் கருவிகளுக்குக் கடுந்தேர்வாக அமையும். சாலையின் வெப்பம் மனித உடலின் வெப்பத்தை எட்டும் பங்குனி, சித்திரைப் பகற்பொழுதில் வெப்பக் கேமரா தடுமாறக்கூடும். அப்போது ரேடார் கைகொடுக்கும். இரண்டும் இணைந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இத்தகைய சோதனைக்குக் கஞ்சிக்கோட்டை விடப் பொருத்தமான இடம் அரிது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அருகிலேயே உள்ளது. தொலைபேசி இணைப்பகங்களைச் செய்து புகழ்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழில் நிறுவனத்தின் ஆலையும் அங்குண்டு. நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் கண்முன்னே விரிந்து கிடக்கின்றன. அறிவும் கைத்திறனும் தேவையும் ஒரே ஊரில் அமைந்திருக்க, கருவியை அயல்நாட்டிலிருந்து அப்படியே வருவிப்பது சிக்கனமும் ஆகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உணர்கருவி எதுவும் நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் ஈடாகாது. மதுக்கரையில் கோபுரங்கள் மட்டுமின்றிக் கீழ்வழிகளும் அமைக்கப்பட்டன. ரயிலின் வேகம் குறைக்கப்பட்டது. எச்சரிக்கை வந்தவுடன் செயற்படவேண்டிய அலுவலர் இரவும் பகலும் பணியில் அமர்த்தப்பட்டனர். அம்முறையின் வெற்றி கேமராவின் நுட்பத்தைப் போலவே அவ்வலுவலரின் கடமையுணர்ச்சியையும் சார்ந்தது. கேட்டு நடக்கக் கடமைப்பட்டவர் இல்லாத எச்சரிக்கை வெறும் ஓசையாகும். நெடுஞ்சாலையிலும் விளக்கு எரிந்தும் வேகம் குறைக்காத வண்டிக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் வேண்டும். கருவி பழுதுற்றால் குறித்த காலத்திற்குள் சீர்செய்யும் பொறுப்பு ஓர் அலுவலகத்திற்கு உரியதாதல் வேண்டும்.

கம்பியில்லா அலையும் கணினியும் எவர் பக்கம் நிற்கும் என்பது அவற்றை அமைப்போரின் முடிவைப் பொறுத்தது. நடப்பவர் தம்மை அறிவித்துக்கொண்டால் காப்போம் என்று விதி செய்யலாம். விரைந்து வருபவரே வழியில் உள்ளோரை அறிந்து நடக்கவேண்டும் என்றும் விதி செய்யலாம். கஞ்சிக்கோட்டை அடுத்த ரயில் பாதையில் இரண்டாவது விதியே தேர்ந்தெடுக்கப்பட்டு, நற்பயன் விளைந்துள்ளது. அங்கிருந்து நெடுஞ்சாலை சிறிது தூரமே. அத்தூரத்தை இத்தொழில்நுட்பம் விரைவில் கடக்குமாறு செய்வது அரசின் கடமையும் விஞ்ஞானிகளின் கடமையும் ஆகும்.